அட்டை ஓரத்துக் கறுப்புக் கோடு

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி எங்கள் பிரஸ்ஸில் பைண்டிங் கோணலாகி ஒதுக்கிப் போட்டது. பாதி வருஷம் போன பிறகு டைரி எழுத உட்காருகிறானே என்று யாரும் சிரிக்க வேண்டாம். சிவகாசிக்காரன் ஊருக்கெல்லாம் டைரி அடித்துக் கொடுப்பானே தவிர, தான் ஒரு பக்கம் எழுதியிருக்கமாட்டான். என்னை எழுத வைத்தது ராஜகனி. "எதையாவது மனசுல போட்டு வச்சுக்கிட்டு எம்மேல எரிஞ்சு விழுறதுக்கு, அதுல எழுதித் தொலைங்களேன்" என்றாள். கட்டினவள் சொல்லிவிட்டாள், எழுதுகிறேன்.

என் பெயர் தவசிலிங்கம். ஆப்செட் பிரஸ்ஸில் தரம் பார்க்கிறவன். மிஷினில் இருந்து வரும் தாளில் லென்ஸை வைத்துப் பார்த்து "ஓட்டு" என்றோ "நிறுத்து" என்றோ சொல்வேன். நான் நிறுத்து என்றால் முதலாளியே வந்து நின்றாலும் மிஷின் ஓடாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இன்று காலை குழாயில் தண்ணீர் வந்தது. டிரம்மை நிரப்பிவிட்டு நிமிர்வதற்குள் ராஜகனி காசு கட்டி வாங்கிய பார்சல் சென்னையில் இருந்து வந்துவிட்டது. எல்லாம் ஜப்பான் அட்டை. யாமகுரா என்று ஒரு விளையாட்டு. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பூதமோ மிருகமோ இருக்கும், அதன் பலம் என்ன என்று கீழே ஜப்பான் எழுத்தில் போட்டிருக்கும். எங்கள் மகள் சுபா கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தபோது யார் யாரிடமோ மாற்றி வாங்கிச் சேர்த்தாள். கல்யாணமாகிப் போகும்போது பெட்டியோடு பீரோ மேல் விட்டுப் போனாள். தூசி தட்டலாம் என்று அதை எடுத்தவள்தான் ராஜகனி. இன்றைக்கு மதுரையில் அந்த விளையாட்டு ஆடுகிற கூட்டத்தில் இவள் வைத்ததுதான் சட்டம்.

ஜப்பான் எழுத்து ஒன்றுகூட இவளுக்குத் தெரியாது. சுபாவிடம் போனில் ஒரு தடவை அர்த்தம் கேட்பாள், அவ்வளவுதான், மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஜப்பான்காரன் வைத்த பெயர் வாயில் நுழையவில்லை என்று தானே பெயரும் வைத்துவிட்டாள். மூக்குத்தி நரி, ஈரச்சாக்கு, ரெட்டைத் தொப்பை. வெள்ளைக் கொம்பு வைத்த ஒன்று, அதுதான் எல்லாவற்றிலும் அரிது, அதற்கு வெண்கொம்பன் என்று பெயர். மதுரைப் பிள்ளைகளும் இப்போது அந்தப் பெயர்களையே சொல்கின்றன. இன்ஜினியர், மெடிக்கல் ஷாப்காரி என்று எல்லாரும் "ஈரச்சாக்கை எறக்குறேன்" என்று சொல்லி ஆடுவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு அடங்காது.

டூப்ளிகேட் அட்டை நிறைய சுற்றுகிறதாம். சந்தேகம் வந்தால் கனிக்காவிடம், அங்கே ராஜகனிக்கு அதுதான் பெயர், நீட்டுவார்கள். இவள் தடவிப் பார்த்து, காது பக்கம் வைத்துச் சுண்டிப் பார்த்துச் சொல்வாள். டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டால், அட்டைக்குச் சொந்தக்காரரே எல்லார் முன்னாலும் அதைக் கிழித்துப் போட வேண்டும். அது இன்னொருவர் தலையில் போய் விழக்கூடாது என்பதற்காக அவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். வருகிற ஜூலை ஏழு மதுரையில் பெரிய போட்டி. திருச்சி, கோயம்புத்தூரில் இருந்தெல்லாம் வருகிறார்கள். வருகிற அட்டை அத்தனையையும் பார்த்துச் சொல்ல ராஜகனியைத்தான் போட்டிருக்கிறார்கள். ஃபேன்சி ஸ்டோரில் வளையலும் ஹேர்பின்னும் விற்கிறவளின் வாய்ச்சொல்லை நம்பி இத்தனை ஊர்க்காரர்கள் வருகிறார்கள். அன்றைக்கு எந்தப் புடவை என்று இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.

ஜூன் 5, புதன்

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது ராஜகனி இரண்டு அட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டும் வெண்கொம்பன். ஒன்று சுபாவின் பெட்டியில் இருந்தது, இன்னொன்று திங்கட்கிழமை பார்சலில் வந்தது.

"ரெண்டும் ஒண்ணு மாதிரி இல்லைங்க. பழசு சுண்டுனா டப்புங்குது. புதுசு சளசளங்குது. விரல்லயும் புதுசு வழுக்குது. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

இத்தனை காலத்தில் அட்டை விஷயத்தில் அவள் என்னைக் கேட்டது இதுதான் முதல் தடவை. மதுரைக்குப் போனால் அங்கே நான் யார்? பை தூக்குகிறவன். "கனிக்கா வீட்டுக்காரர் வந்திருக்கார், சேர் போடு" என்பார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். புது அட்டையில் கலர் பளிச்சென்று இருந்தது, படத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. பழையதில் வெட்டு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. எங்கள் பிரஸ்ஸில் இப்படி வெட்டினால் கட்டிங் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். பிறகு ஓரத்தைப் பார்த்தேன். அங்கேதான் பிடித்தேன். பழைய அட்டையில் இரண்டு வெள்ளைக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு ஓடுகிறது. புதியதில் உள்ளேயும் பால்வெள்ளை.

"பழசுதான் டூப்ளிகேட்" என்றேன்.

"எப்படிச் சொல்றீக?"

"உள்ள கறுப்பா ஓடுதுல்ல? வேஸ்ட் பேப்பர் கூழு. நம்மூர்ப் பட்டாசுப் பெட்டிக்குப் போடுற அட்டை இப்படித்தான் இருக்கும். மேலயும் கீழயும் வெள்ளையை ஒட்டிட்டு நடுவுல குப்பையை வைப்பான். ஜப்பான்காரன் குப்பையிலயா அடிப்பான்? புதுசைப் பாரு, உள்வரைக்கும் வெள்ளை. அதுதான் காசு போட்டு வாங்குன போர்டு."

"எழுத்தையும் பாத்தீகளா?"

"படிக்கத் தெரியாத எழுத்துல என்னத்தப் பாக்க?"

அவள் இரண்டு அட்டையையும் மாற்றி மாற்றித் தடவினாள். "எங்கையி வேற மாதிரி சொல்லுதுங்க" என்றாள். நான் சிரித்தேன். "உங்கையி எந்தப் பிரஸ்ல வேலை பாத்துச்சு?" என்று கேட்டேன். அவள் இரண்டையும் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 6, வியாழன்

அடுத்த வருஷக் காலண்டருக்கான மாதிரி ஆல்பம் வேலை ஆரம்பம். ஆடிப் பதினெட்டுக்குள் முடிக்க வேண்டும். முருகன் முகத்தில் மஞ்சள் தூக்கலாக வந்ததால் இரண்டு தடவை நிறுத்தினேன்.

ஜூன் 9, ஞாயிறு

மதுரை. அண்ணா நகரில் ஒரு மாடி, அதுதான் அவர்கள் கூடும் இடம். கார்மேகம் என்கிற பையன், பையன் என்ன, முப்பது வயசிருக்கும், அவன்தான் எல்லாவற்றையும் நடத்துகிறவன். சேர் போட்டான். உட்கார்ந்தேன்.

ராஜகனி எழுந்து, ஓரத்தில் கறுப்புக் கோடு இருந்தால் டூப்ளிகேட் என்று சொன்னாள். ஏன் என்பதையும் விளக்கினாள். கூழ், போர்டு எல்லாம் நான் சொன்ன மாதிரியே. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. எல்லாரும் அவரவர் அட்டையின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

அடுத்து அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பையில் இருந்து சுபாவின் வெண்கொம்பனை எடுத்தாள். "மொத டூப்ளிகேட்டு எங்கிட்டதான் இருக்கு" என்று சொல்லி, எல்லாரும் பார்க்க நடுவில் கிழித்தாள். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஊருக்கு ஒரு சட்டம் தனக்கு ஒரு சட்டம் என்று இருக்கத் தெரியாதவள். பிரஸ்ஸில் நானே நிறுத்திய தாளை, முதலாளியின் மச்சான் ஆர்டர் என்று தெரிந்ததும் ஓட்டச் சொன்ன நாள் எனக்கு உண்டு. இவளுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது.

ரிஸ்வானா என்று ஒரு பெண், மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறவள். அவளிடமும் ஒரு வெண்கொம்பன் இருந்தது, கறுப்புக் கோட்டோடு. உறையில் இருந்து அதை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அக்காவே கிழிச்சுட்டாங்க, அப்புறம் என்ன" என்று சொல்லிவிட்டுக் கிழித்தாள். துண்டுகளைக் கூடையில் போட்டவள் வாஷ்பேசின் பக்கம் போனாள், திரும்பி வர நேரமானது. கிழிந்த ஓரத்தை நான் எடுத்துப் பார்த்தேன். கறுப்பு நூல் பிடித்த மாதிரி ஒரே சீராக ஓடியது. குப்பைக் கூழ் இவ்வளவு சீராக ஓடுமா என்று ஒரு நொடி தோன்றியது. ஜப்பான் குப்பை அல்லவா, சீராகத்தான் இருக்கும்.

ஜூன் 14, வெள்ளி

ராஜகனியின் போனுக்கு வரிசையாகப் படம் வருகிறது. திருச்சி, நாகர்கோவில், ஓசூர். எல்லாரும் அட்டை ஓரத்தைக் கிட்டத்தில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். கடையில் ஸ்டிக்கர்ப் பொட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டே பதில் சொல்கிறாள். திருச்சியில் ஒருத்தர் தன் அட்டையைக் கிழித்துப் படம் அனுப்பியிருந்தார். அதைப் பார்த்து இவள் உச்சுக்கொட்டினாள்.

மாவு அரைத்தாள், தோசை வார்த்தாள். ஒன்றும் குறையில்லை. ஆனால் புது வெண்கொம்பனை எடுத்துச் சுண்டுவதும் வைப்பதுமாக இருக்கிறாள். "சளசளங்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஜூன் 23, ஞாயிறு

மிஷின்மேன் சுடலைமுத்துவின் பேத்திக்குக் காதுகுத்து, வத்திராயிருப்பில். ராஜகனி கடையைவிட்டு வர முடியாது என்றதால் நான் மட்டும் போனேன். கறிச்சோறு பிரமாதம். சாப்பிட்டுவிட்டு மண்டபத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ரம்மி போட்டோம். தோற்றவன் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். சீட்டுக்கட்டு எங்கள் பிரஸ்ஸில் அடித்ததுதான், ஒரு சிமென்ட் ஏஜென்சி இலவசமாகக் கொடுக்க ஆர்டர் செய்தது. நல்ல ஆர்ட் போர்டு, உள்வரைக்கும் வெள்ளை. தரம் பார்த்தது நான்.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி சுடலைமுத்து உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு ஆட்டத்தையும் நான் ஜெயித்தேன். அவன் கையில் இருக்கிற ஜோக்கர், ராணி எல்லாம் சீட்டின் முதுகு வழியாக நிழலாகத் தெரிந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. நாலாவது டீக்குப் பிறகு அவன் திரும்பி ஜன்னலைப் பார்த்தான், சீட்டைத் தூக்கிப் பார்த்தான்.

"அடப்பாவி அண்ணாச்சி! ஊடுருவிப் பாத்துல்ல ஆடியிருக்கீக! என்ன சீட்டு அடிச்சு வச்சிருக்கீக? கடையில விக்கிற நல்ல சீட்டுன்னா நடுவுல கறுப்பு வச்சுல்ல ஒட்டியிருப்பான், வெளிச்சம் போகாம இருக்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பஸ்ஸில் வரும்போது டிக்கெட்டின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 24, திங்கள்

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு லைட் டேபிளை, கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரிகிற மேஜை, போட்டேன். ராஜகனியின் பெட்டியில் இருந்து இரண்டு மூக்குத்தி நரிகளைக் கேட்காமல் எடுத்து வந்திருந்தேன். ஒன்று சுபாவுடையது, இன்னொன்று சென்னைப் பார்சலில் வந்தது. விளக்கின் மேல் வைத்தேன். சென்னை நரி விளக்கு மாதிரி எரிந்தது, முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகத் தெரிந்தன. சுபாவின் நரி இருட்டாகவே இருந்தது. கையில் பிடித்து ஆடுகிற அட்டை. எதிராளி வெளிச்சத்தில் பார்த்துவிடக்கூடாது. அதற்காகத்தான் நடுவில் கறுப்பு. குப்பையும் இல்லை, கூழும் இல்லை.

பிறகு லென்ஸை எடுத்து அன்றைக்குப் பார்க்காத இடத்தைப் பார்த்தேன், எழுத்தை. சுபாவின் அட்டையில் ஒவ்வொரு எழுத்தும் அழுத்தமான ஒரே கறுப்பு, ஓரம் கத்தியால் அறுத்த மாதிரி. சென்னை அட்டையில் எழுத்து முழுக்க நீலப் புள்ளி, சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி. எழுத்தைத் தனிக் கறுப்பில் அடிக்காமல், யாரோ அசலை ஸ்கேன் செய்து படத்தோடு சேர்த்து அப்படியே நாலு கலரில் அடித்திருக்கிறான். தமிழ் எழுத்தாக இருந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் "நிறுத்து" என்று கத்தியிருப்பேன். எங்கள் பிரஸ்ஸில் பெருக்குகிற செல்லம்மாவுக்குக்கூட இது தெரியும்.

இரண்டு நரிகளையும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். இன்றைக்கு ராத்திரி சொல்லிவிடுவேன்.

ஜூன் 25, செவ்வாய்

மிக்சி ரிப்பேர். கடைக்குக் கொண்டுபோய்ப் புஷ் மாற்றினேன். வரும்போது அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கினேன். "என்ன விசேஷம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூன் 27, வியாழன்

அச்சடிக்கிறவன் யாராக இருந்தாலும் அன்றைக்கு நான் சொன்னதைத்தான் சொல்லியிருப்பான். முடிவெடுத்தது அவள். நான் யோசனைதான் சொன்னேன். இந்த இரண்டு வரியையும் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன், படிக்க நன்றாக இல்லை.

ஜூன் 28, வெள்ளி

ராஜகனி வழக்கத்துக்கு மாறாக ரம்மியைப் பற்றிக் கேட்டாள். சுடலைமுத்துவின் மனைவி கடைக்கு வளையல் வாங்க வந்திருக்கிறாள், ஓட்டைவாய், எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள்.

"எல்லா ஆட்டமும் நீங்கதான் ஜெயிச்சீகளாமே? எப்படி?"

"சீட்டு லேசா வெளிச்சத்துல தெரிஞ்சுச்சு."

"எந்த போர்டுல அடிச்சது?"

"நம்ம ஆர்ட் போர்டுதான்."

"உள்ள வெள்ளையா?"

"ம்."

"ஓ" என்றாள். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

சாப்பிட்ட பிறகு அவளைக் காணவில்லை. கொல்லைப்பக்கம் போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன தேடுகிறாய் என்றேன். கம்மல் திருகாணி விழுந்துவிட்டது என்றாள். தேடிக் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, "கெடச்சிருச்சு, நீங்க போங்க" என்றாள்.

ஜூலை 2, செவ்வாய்

நாலு நாளாக யார் யாருக்கோ போன் பேசுகிறாள். நான் போனால் குரலைத் தாழ்த்துகிறாள். மேஜையில் வைத்த என் லென்ஸும் இடம் மாறிக் கிடக்கிறது. இன்று காதில் விழுந்தது: "ஏழாந்தேதி நேர்ல சொல்றேன்யா. அதுவரைக்கும் யாரும் எதையும் கிழிக்க வேண்டாம்னு எல்லாருக்கும் சொல்லிரு." கார்மேகமாக இருக்கும். போட்டிக்கு ஏதோ புது ஏற்பாடு போலிருக்கிறது.

ஜூலை 4, வியாழன்

சொல்லிவிடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், ஏதோ நான் சொல்வேன் என்று காத்திருக்கிற மாதிரி கையை நிறுத்திக்கொண்டு பார்த்தாள். "வெங்காயம் வெல ஏறிருச்சு" என்றேன். சே! என்ன மனுஷன் நான்.

ஜூலை 6, சனி

புடவையை இஸ்திரி போட்டாள். பச்சையில் அரக்கு பார்டர். "நாளைக்கு உடம்புக்கு முடியலேன்னு சொல்லிரலாமா? சும்மா கேட்டேன்" என்றேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "எனக்கு நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு முடியலேன்னா இருங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

அவ்வளவு பேர் முன்னால் அவள் பெயர் கெடப்போகிறது. அவள் வாங்கிய ஒரே பெயர். நாளை திருச்சிக்காரனோ கோயம்புத்தூர்க்காரனோ அட்டையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி "இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டால் இவள் அந்த மாடிப்படியை மறுபடி மிதிக்கமாட்டாள். எனக்கு அவளைத் தெரியும். பயமாக இருக்கிறது. பஸ்ஸில் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 7, ஞாயிறு

பஸ்ஸில் சொல்லவில்லை. விருதுநகரில் சீட் கிடைத்தது, சன்னல் பக்கம் அவளுக்குக் கொடுத்தேன். திருமங்கலம் வந்தது, மாட்டுத்தாவணியும் வந்துவிட்டது.

மாடியில் நிற்க இடமில்லை. கார்மேகம் மைக்கைக் கொடுத்து, "கனிக்கா அட்டை பாக்குற வெவரத்தச் சொல்லுவாங்க" என்றான். ராஜகனி மைக்கை வாங்கினாள்.

"போன தடவை கறுப்புக் கோடு இருந்தா டூப்ளிகேட்னு சொன்னேன். தப்பு. கறுப்புக் கோடு இருக்குறதுதான் ஒரிஜினல். உள்ள வெள்ளையா இருக்குறதுதான் டூப்ளிகேட். நான் தப்பாச் சொன்னதால நல்ல அட்டையைக் கிழிச்சிருக்கீங்க. எங்கிட்ட மன்னிப்புதான் இருக்கு, வேற என்ன சொல்லன்னு தெரியல."

எல்லாரும் அட்டையின் ஓரத்தை மறுபடி திருப்பிப் பார்த்தார்கள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தலை சுற்றியது. திருகாணி, டார்ச், "ஓ". மடையன் நான், வாராவாரம் டைரியில் எழுதிக்கொண்டே ஒன்றும் விளங்காமல் இருந்திருக்கிறேன். சென்னைப் பார்சல் அட்டைகளை மேஜையில் கொட்டினாள். ஒவ்வொன்றாகக் கிழித்தாள். பின்னால் இருந்து ஒருத்தன் கேட்டான்: "எப்படிக்கா இவ்வளவு பெரிய தப்பு வந்துச்சு?"

"என் கண்ணு பாத்த தப்பு" என்றாள்.

என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்தேன். "அது அவ தப்பு இல்ல தம்பி. நாந்தான் சொன்னேன். பிரஸ்ல இருக்குறவன், எனக்கு எல்லாம் தெரியும்னு சொன்னேன். தெரிஞ்ச பிறகும் ரெண்டு வாரமா வாயத் திறக்கல" என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ராஜகனியும் பார்த்தாள். என்னைத் தாங்கிப் பேசுவாள் என்று நினைத்தேனா, நினைத்தேன்.

"நீங்க சொன்னீக. கிழிச்சது நானு" என்றாள், மைக்கிலேயே. "எங்கையி வேற சொல்லுச்சு. இத்தன வருசம் எந்தக் கையி எனக்குப் பேரு வாங்கிக் குடுத்துச்சோ, அதைக் கேக்காம உங்களைக் கேட்டேன் பாருங்க, அதுதான் என் தப்பு. அதை நீங்க எடுத்துக்கிடாதீக. உக்காருங்க."

உட்கார்ந்தேன். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இப்படி உறைத்திருக்காது. உறைத்தது சரிதான்.

ரிஸ்வானா அழுதுகொண்டிருந்தாள். "நான் மொதமொதல்ல ஜெயிச்ச அட்டைக்கா அது. தெனமும் கடைக்கு எடுத்துட்டுப் போவேன்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ராஜகனி மைக்கை வைத்துவிட்டு அவளிடம் போனாள். பையைத் திறந்து சுபாவின் மூக்குத்தி நரியை எடுத்து நீட்டினாள். ராஜகனி உயிராக வைத்திருக்கிற அட்டை அது. "இது அதுக்குச் சமம் இல்லம்மா. இருந்தாலும் வாங்கிக்க." ரிஸ்வானா உடனே வாங்கவில்லை. ராஜகனி கையை மடக்கவும் இல்லை. கடைசியில் வாங்கிக்கொண்டாள்.

திருச்சிக்காரர், கிழித்துப் படம் அனுப்பியவர், எழுந்தார். "எல்லாம் சரிங்கம்மா. இனிமே நீங்க சொல்றத எப்படி நம்புறது?"

"நம்பாதீங்க" என்றாள் ராஜகனி. "நான் என்ன பாத்தேன்னு காட்டுறேன், நீங்களே பாருங்க. இந்தா டார்ச்சு, இந்தா லென்ஸ். வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க, எழுத்துல புள்ளி இருக்கான்னு பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க. இன்னொண்ணு. இனி யாரும் யார் சொன்னாலும் அட்டையக் கிழிக்கக் கூடாது. ஒரு டப்பாவுல போட்டு வையுங்க. அடுத்த மாசம் மறுபடி பாப்போம். தப்புன்னா திருப்பிக் குடுத்துரலாம்ல."

கார்மேகம் அந்த இடத்திலேயே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். ஆனால் யாரும் அட்டை கொண்டு வரவில்லை. மேஜைக்குப் பின்னால் அவள் தனியாக நின்றாள். பச்சைப் புடவை, முன்னால் டார்ச், லென்ஸ், காலி டப்பா. அவ்வளவு கூட்டத்தில் எல்லாரும் போனைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். வாடி போகலாம் என்று கூப்பிட எழுந்தேன்.

அப்போது ரிஸ்வானா வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உறையில் இருந்து வேறு ஒரு அட்டையை உருவி ராஜகனி முன்னால் நீட்டினாள். "இதச் சொல்லுங்கக்கா."

ராஜகனி லென்ஸைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பெருவிரலால் அட்டையின் முகத்தைத் தடவினாள், ஓரத்தில் நிறுத்தினாள், காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை சுண்டினாள்.

"ஒரிஜினல்" என்றாள்.

கார்மேகம் டார்ச்சை எடுத்து, "அட்டையக் குடுங்க, அடிச்சுப் பாப்போம்" என்று கையை நீட்டினான். ரிஸ்வானா அதற்குள் அட்டையை உறைக்குள் போட்டு மூடிவிட்டாள். "அக்கா சொல்லிட்டாங்கல்ல" என்றாள்.

அதன் பிறகு வரிசை மாடிப்படி வரைக்கும் நின்றது. திருச்சிக்காரர் ஏழாவது ஆளாக நின்றார். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார், லென்ஸ் வைத்துப் பார்த்தார், இரண்டு தடவை பார்த்தார். பிறகு "சரிதாம்மா" என்றார். சாயங்காலம் வரைக்கும் ராஜகனி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு பெரிய மனுஷி என்று இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜூலை 8, திங்கள்

நேற்று பஸ்ஸில் நடந்ததை எழுதாமல் விட்டுவிட்டேன். திரும்பும்போது கள்ளிக்குடி வரைக்கும் அவள் அட்டை உறைகளை அடுக்கிக்கொண்டே வந்தாள். பிறகு நான்தான் கேட்டேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"ரம்மிக் கதையக் கேட்ட அன்னைக்கே."

"ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"நீங்களா சொல்வீகன்னு பாத்தேன். மிக்சியும் பூவும் எதுக்குன்னு அன்னைக்கு வெளங்குச்சு. அப்புறம் வெங்காயம், ஒடம்புன்னு ஒவ்வொண்ணா வந்துச்சு, அதுமட்டும் வரல. மதுரை வரைக்கும் போகவேண்டியதாப் போச்சு." கொஞ்சம் சிரித்தாள். பிறகு ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிட்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. தூங்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். உடனே எனக்கே என் மேல் கோபம் வந்தது. தோளைத் தட்டி எழுப்பினேன்.

"என்ன, ஊரு வந்துருச்சா?"

"இல்ல. இன்னைக்கு நீ அங்க நின்ன பாரு, கனி. என்னால அப்படி நின்னிருக்க முடியாது. உன்னை நெனச்சா எனக்குக் கையெடுத்துக் கும்பிடணும்போல இருக்கு."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ராஜகனி என்னை உற்றுப் பார்த்தாள்.

"இதச் சொல்லவா எழுப்புனீக?" என்றாள். என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு சிவகாசி வரும்வரை தூங்கவே இல்லை, கோயம்புத்தூர்க்காரர்கள் கொண்டுவந்த அட்டை ஒவ்வொன்றையும் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.